கோரலின் மேல்துணி

மாடுகள் ஈனத் தொடங்கியிருந்த ஆகஸ்ட் கடைசி. மூன்று நாளாக மழை விடவில்லை. லியான் ஒரு தலையணை உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நொலீன் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். பூட்ஸில் கணுக்கால் வரை செம்மண் அப்பியிருந்தது.

"பூட்ஸை அங்கயே கழட்டிட்டு வா. என்னது அது, பச்சப் புள்ளையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி?"

"அம்மா குடுத்து விட்டா."

அம்மா என்று லியான் சொன்னால் அது கோரல். நொலீனை அவள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கெவ் கோரலை விட்டுவிட்டு நொலீனோடு வந்தபோது லியானுக்கு எட்டு வயது. இப்போது முப்பது. சனி ஞாயிறுகளில் இங்கே வந்து தங்கி, நொலீன் சுட்ட கேக்கைத் தின்று, நொலீன் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டு வளர்ந்த பெண்தான். நொலீனுக்கென்று பிள்ளை இல்லை. ஆனாலும் பேர் பேர்தான், அம்மா அம்மாதான்.

உறைக்குள்ளிருந்ததை உருவி லியான் சாப்பாட்டு மேசைமேல் விரித்தாள். மேசை போதாமல் நாலு பக்கமும் தொங்கியது. ஒட்டுப் போர்வையின் மேல்துணி; பஞ்சும் அடித்துணியும் வைத்துச் சேர்த்துத் தைத்தால்தான் போர்வையாகும். மூன்று விரல் அகலச் சதுரங்களாக ஆயிரம் துண்டாவது இருக்கும். கால்மாட்டில் உழுத கிழங்குக் காட்டின் சிவப்பு. அது ஏற ஏறப் பழுப்பாகி, புல்லாகி, பள்ளத்தாக்கில் காலையில் தங்கும் மூட்டத்தின் சாம்பலாகி, தலைமாட்டில் வெறும் வெளிச்சமாக முடிந்தது. எங்கே ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

நொலீன் கையைத் துடைத்துக்கொண்டாள்; தொடவில்லை. வட்டாரக் கண்காட்சியில் கைத்தையலுக்கு ஒன்பது வருஷமாக முதல் பரிசு நீல ரிப்பன் அவளுக்குத்தான். அங்குலத்துக்குப் பத்துத் தையல், எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நிறச் சேர்க்கைக்கான ரிப்பன் எப்போதும் கோரலுக்கு. ஒரு வருஷம் நடுவர் நொலீனின் போர்வையில் குத்தி வைத்த அட்டையில், 'தையல் அபாரம். நிறங்கள் சற்றுத் தயங்குகின்றன' என்று எழுதியிருந்தது. அட்டையை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டாள். வாசகம்தான் எரியவில்லை.

"எனக்கும் கிரகாமுக்கும் கல்யாணம் ஆகறன்னிக்கு இது கட்டில்மேல இருக்கணும். நவம்பர் ஒம்பது. அம்மாவால இப்ப ஊசி பிடிக்க முடியல. வாதம் வந்து விரலெல்லாம் மடங்கிப்போச்சு. கிரகாம் சொல்றான், லான்செஸ்டன் டவுன்ல ஒருத்தி பெரிய மெஷின் வச்சிருக்காளாம், ரெண்டே நாள்ல பஞ்சு வச்சு அடிச்சுக் குடுத்துருவாளாம்."

"மெஷினா? இதுக்கா?"

"அதான் உங்ககிட்ட வந்தேன்."

"உங்கம்மா என்ன சொன்னா?"

"அவதான் அனுப்புனா. இதைத் தைக்க இந்தப் பக்கத்துல ஒரே ஒரு கைதான் இருக்குன்னா. ஆனா எப்படித் தைக்கிறது, எப்படி முடிக்கிறதுன்னு அவளும் உக்காந்துதான் முடிவு பண்ணுவாளாம். செவ்வாக்கிழமை கொண்டாந்து விடட்டுமா?"

நொலீன் கெட்டிலை அடுப்பில் வைக்கத் திரும்பினாள். கோரல் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது இனித்தது. கோரல் வாயிலிருந்து வந்ததாலேயே கசக்கவும் செய்தது.

"கொண்டா," என்றாள்.

லியான் போன பிறகுதான் அதைப் பார்த்தாள். சிவப்பும் பச்சையும் சந்திக்கும் நட்டநடுவில், பழுப்பில் மஞ்சள் கட்டம் போட்ட கம்பளித் துணி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். சந்தேகமே இல்லை. கெவ் அவளோடு வந்த முதல் வருஷம், அவன் பிறந்த நாளுக்கு அவளே எடுத்துக் கொடுத்த சட்டை. மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியது. அந்தக் குளிர்காலமே, முள்கம்பியில் மாட்டிக் கிழிந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன் என்று சொன்னான். எண்ணினாள். பதினோரு துண்டு.

சாயங்காலம் கெவ் கால்சட்டையெல்லாம் சீம்பால் நாற்றத்தோடு உள்ளே வந்தான். அறுபத்து மூன்று வயதிலும் தோள் குறுகாத ஆள். மேசையைப் பார்த்து, "அட, நல்லா இருக்கே," என்றான். ஒரு சுற்று சுற்றி வந்தான். நடுவில் வந்ததும் நின்றான். அப்புறம் கை கழுவப் போனவன் வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தான்.

நொலீன் வேகவைத்த உப்புக்கறியை அறுத்து, வெள்ளைக் குழம்பு ஊற்றி, அவன் முன்னால் வைத்தாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவன் கோரல் வீட்டுக்கு விறகு பிளக்கப் போவது அவளுக்குத் தெரியாததில்லை. அவளுக்கு யார் இருக்கா என்பான். நொலீனும் சரி என்றுதான் இருந்தாள். இப்போது அந்த ஞாயிறுகள் எல்லாம் வரிசையாக வந்து மேசைமேல் உட்கார்ந்துகொண்டன.

செவ்வாய்க்கிழமை லியான் தாயை இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். கோரல் நெட்டையாக, ஒல்லியாக, அந்த மழையிலும் உதட்டுச் சாயத்தோடு வந்தாள். இந்த வீட்டுக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. சமையலறையை ஒரு நோட்டம் விட்டாள்.

"ஜன்னல் நல்லாப் பெருசா வச்சிருக்க. தைக்க வெளிச்சம் வரும்."

"கெவ் வச்சது."

"அந்த வீட்ல நான் பத்து வருஷம் கேட்டேன். வைக்கல."

நொலீன் பேரீச்சம்பழம் போட்ட ஸ்கோன் ரொட்டி சுட்டிருந்தாள். கோரல் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். விரல்கள் பக்கவாட்டில் சாய்ந்து, முட்டிகள் கிழங்கு போல வீங்கியிருந்தன. வெண்ணெய்க் கத்தியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து ஒரு தரம் முயன்றாள். கத்தி தட்டில் விழுந்தது. நொலீன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தட்டை இழுத்து, வெண்ணெய் தடவி, திருப்பித் தள்ளினாள்.

"சரி, வேலையைப் பாப்போம்," என்றாள் கோரல். "உள்ள என்ன வைக்கப் போற?"

"பருத்திப் பஞ்சு. மெலிசா இருந்தாத்தான் தையல் எடுப்பாத் தெரியும்."

"உன் தையல் தெரியறதுக்கா போர்வை? குளிருக்குப் போத்திக்க வேணாமா? கம்பளிப் பஞ்சு வை. கிரகாம் வீட்டு ஜன்னல்ல காத்து சீட்டியடிக்குது."

"கம்பளி உப்பிக்கும். தையல் உள்ள போய் ஒளிஞ்சுக்கும்."

"ஒளியட்டுமே. வருஷா வருஷம் ரிப்பன் வாங்குறியே, இன்னும் ஆசை தீரலையா?"

"உனக்குத் தீந்துருச்சா?"

கோரல் சிரித்துவிட்டாள். "தீரல. எப்படித் தீரும்." ஸ்கோனை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். "அப்ப கம்பளிதான். அடித்துணி?"

"வெள்ளை. பூ கீ எதுவும் கிடையாது."

"பூப்போட்டதா இருந்தா அங்க இங்க தப்பு விழுந்தாலும் தெரியாது."

"தப்பு விழறவங்க அதை வாங்கிக்கட்டும்."

"விட்டுக் குடுக்கவே மாட்டியா நீ?"

"கம்பளியை விட்டுக் குடுத்தேன்ல."

மழை தகரக் கூரையில் சடசடத்தது. நொலீன் சுண்ணக்கட்டியும் அளவுக்கோலும் எடுத்து வந்தாள். குறுக்கும் நெடுக்கும் சாய்வாகக் கோடு, ஒரு அங்குலத்துக்கு ஒன்று. அதுதான் அவள் யோசித்து வைத்திருந்தது. கோரல் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"கம்பி வலை அடிக்கப் போறியா? அதுவும் என் காட்டுக்கு?"

"உன் காட்டுக்கு வேற என்ன வேணும்?"

"விசிறி. வில்லு வில்லா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. முழங்கையை ஊனி வரையணும். மேடு பள்ளம் மாதிரி ஓடும். நேர்கோடு போட்டா நிறம் செத்துப்போகும், நொலீன். நாலு வருஷம் அடுக்கியிருக்கேன்."

"வளைவுன்னா எனக்கு ரெண்டு மடங்கு வேலை. பதினோரு வாரம்தான் இருக்கு."

"உன்னால முடியாதுன்னா லான்செஸ்டன்காரிகிட்ட குடுத்துரலாம்."

அது எங்கே போய்த் தைக்கும் என்று தெரிந்தே சொன்னாள். நொலீன் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தாள்.

"விசிறியே போடறேன். ஆனா நடுவுல மட்டும் நெருக்கமா அடிப்பேன். கால் அங்குலத்துக்கு ஒரு வரி. அமுங்கிக் கிடக்கட்டும்."

"நடுவுல ஏன்?"

"அங்க துணி தொளதொளன்னு இருக்கு."

"என் துணி எங்கயும் தொளதொளன்னு இல்ல." கோரல் எழுந்து வந்து, மடங்கிய கையைக் கட்டம் போட்ட துண்டுகள்மேல் வைத்தாள். "ஓ. இதுக்காகவா?"

"நான் எடுத்துக் குடுத்த சட்டை அது."

"தெரியும்."

"எப்படி வந்துச்சு உன்கிட்ட?"

"அவனைக் கேக்கலையா?"

"உன்னைத்தான் கேக்கறேன்."

கோரல் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தாள். "நீங்க சேந்த மொத வருஷம். ஜூலை, நடுக்குளிர்காலம். பெட்டியோட வந்து நின்னான். லியான் பள்ளிக்கூடம் போயிருந்தா. தொப்பலா நனைஞ்சிருந்தான். தப்புப் பண்ணிட்டேன், திரும்பி வந்துடறேன்னான்."

நொலீன் அளவுக்கோலைத் துணியின் ஓரத்தோடு நேராக வைத்தாள்.

"உள்ள விடல. வராந்தாவுலேயே துண்டும் என் தம்பியோட பழைய ஸ்வெட்டரும் குடுத்தேன். மாத்திக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தான். கதவைத் திறக்கல. அப்புறம் போயிட்டான். நனைஞ்ச சட்டை வராந்தாக் கொடிக்கம்பியிலயே தொங்குச்சு."

"மாட்டுச் சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனான்," என்றாள் நொலீன்.

"என்ன சொன்னானோ எனக்குத் தெரியாது."

"ஏன் உள்ள விடல?"

"கோவம். வேற என்ன? அழுது புரண்டு ஆறு மாசம் ஆகியிருந்துச்சு. இவன் இஷ்டத்துக்குப் போவான், இஷ்டத்துக்கு வருவானா?" உதட்டுச் சாயம் கலைந்ததைப் புறங்கையால் துடைத்தாள். "மறுநாள் காலையில திறந்துதான் வச்சிருந்தேன். அவன் வரல. உன் வீட்ல போய் நிம்மதியா உக்காந்துட்டான். அந்தக் கதவை மூடின புண்ணியத்துல நீ இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திட்ட."

லியான் வந்து தாயை ஏற்றிக்கொண்டு போனாள்.

நாலு மணிக்குக் கெவ் பால் கறக்கும் கொட்டகையில் இருந்தான். இயந்திரம் புஸ்புஸ்ஸென்று இரைய, மாடுகள் வரிசையாகப் பின்பக்கம் காட்டி நின்றன. நொலீன் மழைக்கோட்டு இல்லாமல் வந்து, அவன் நின்று கறக்கும் குழியின் மேல்விளிம்பில் நின்றாள்.

"பெட்டியோட போனியாமே."

அவன் நிமிரவில்லை. ஒரு மாட்டின் காம்புகளைத் துடைத்து, நாலு குழாயையும் மாட்டி முடித்தான்.

"சொல்லிட்டாளா?"

"நீ சொல்லியிருக்கணும்."

"எப்பச் சொல்றது? அந்த வருஷம் சொன்னா நீ போயிருப்ப. அப்புறம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"அவ உள்ள விட்டிருந்தா?"

பொய் சொல்வானோ என்று பார்த்தாள். சொன்னால்கூடத் தேவலை என்றிருந்தது.

"இருந்திருப்பேன்," என்றான் கெவ். "விடல. இங்க வந்தேன். நீ பூசணி சூப் வச்சிருந்த. சந்தையில என்னாச்சுன்னுகூடக் கேக்காம ஊத்திக் குடுத்த. ஒரு வருஷம் வேற வழியில்லாமத்தான் இருந்தேன், நொலீன். அதுக்கப்புறம் அப்படி இல்ல. எப்ப மாறுச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அடுத்த மாடு உள்ளே வந்து காலை உதறியது. அவன் அதன் முதுகில் தட்டிக் கொடுத்தான். நொலீன் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

ஒரு வாரம் மேல்துணியைத் தொடவில்லை. ஊரே கூடும் கல்யாணத்தில் அந்தப் பதினோரு துண்டு அவள் புருஷனுடைய பழைய ஆசையாகப் படுக்கைமேல் பரந்து கிடக்கும். அதைச் சுற்றி அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்டு அவளே அழகு பண்ண வேண்டும். திங்கட்கிழமை கெவ் உரம் வாங்கப் போன நேரத்தில் தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள். பதினொன்றையும் பிரித்து எடுத்துவிட்டு அதே பழுப்பில் வேறு துணி வைத்துவிடலாம். கேட்டால் நைந்துபோச்சு என்று சொல்லிவிடலாம்.

முதல் துண்டைப் பிரிக்கத் துணியைப் புறம் திருப்பினாள். கைத்தையலைப் பிரிப்பதென்றால் பின்பக்கமிருந்துதான். மற்ற இடமெல்லாம் கோரலின் தையல் சின்னதாக, ஒரே சீராக ஓடியது. நடுவில் மட்டும் கோணலாக, எட்டி எட்டிப் போயிருந்தது. நூல் இரண்டு மூன்று தடவை முடிச்சு விழுந்து, அதன்மேலேயே தைத்திருந்தாள். ஓரங்களில் துருப்பிடித்த மாதிரி சின்னச் சின்னக் கறை. இரத்தம். விரல் மடங்கிய பிறகு, ஊசி கையைக் குத்தக் குத்தத் தைத்தது. மற்றதெல்லாம் முடித்து, நடுவில் ஓட்டை விட்டுக் காத்திருந்து, கடைசியில்தான் இதை எடுத்திருக்கிறாள்.

நொலீனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் வந்ததும் பொறாமை போய்விடவில்லை, இன்னும் கூர்மையாகியது. இருபத்திரண்டு வருஷம் ஒரு சட்டையை மடித்து வைத்திருக்க அவளுக்கு ஒன்று இருந்தது. நொலீனிடம் ஆளே இருந்தான். மடித்து வைக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு துண்டை மட்டும் பிரித்து எடுத்தாள். அந்த இடத்தில், அலமாரியின் அடித்தட்டில் கிடந்த தன்னுடைய பழைய பழுப்புக் கம்பளிப் பாவாடையிலிருந்து ஒரு சதுரம் வெட்டி வைத்துத் தைத்தாள். எடுத்த துண்டை ஊசிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். மீதிப் பத்தைத் தொடவில்லை. அன்றைக்கே அடித்துணிமேல் கம்பளிப் பஞ்சைப் பரப்பி, மூன்றையும் சேர்த்துப் பெரிய பெரிய இழையோட்டம் போட்டுத் தையல் சட்டத்தில் ஏற்றினாள்.

மறுநாள் கோரல் தானாகவே வந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரனின் வண்டியில் ஏறி வந்திருந்தாள். சட்டத்தின் அருகே வந்து நின்று ஒரே பார்வையில் பார்த்தாள்.

"பத்துதான் இருக்கு."

"ஒண்ணு என்னோடது."

கோரல் குனிந்து அந்தப் பாவாடைத் துண்டைப் பார்த்தாள். நிறத்தைத்தான் பார்த்தாள் என்பது நொலீனுக்குத் தெரிந்தது.

"பொருந்துது," என்றாள் கடைசியில். "எப்பவும் இந்தப் பழுப்பைத்தான் நீ எடுத்திருக்கணும். கண்காட்சிப் போர்வைக்கு அந்த ஊதாவை எவ எடுக்கச் சொன்னா உன்னை?"

"விசிறியை யாரு வரையறது? உன் கையில சுண்ணக்கட்டி நிக்காது."

"கட்டு."

நொலீன் மாட்டுக் காலுக்குச் சுற்றும் துணிப்பட்டையை எடுத்து வந்து, சுண்ணக்கட்டியைக் கோரலின் முஷ்டியில் வைத்துச் சுற்றிக் கட்டினாள். கோரல் துணியில் முழங்கையை ஊன்றி, கையை வீசினாள். ஒரு வில். முழங்கை நகராமல், கட்டி கொஞ்சம் உள்ளே வாங்கி, இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. விரல் ஒத்துழைக்காவிட்டாலும் தோள் ஒத்துழைத்தது. நாலு விசிறி போட்டதும் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். நொலீன் விரல் நுனியில் அங்குஸ்தானை மாட்டிக்கொண்டு முதல் வில்லில் ஊசியை இறக்கினாள்.

கோரல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அரைமணி கழித்து, "இதைப் பாக்க முடியல என்னால," என்றாள்.

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு. கோணலாத் தையேன் கொஞ்சம்."

"மாட்டேன்."

"மாட்டன்னு தெரியும்."

அதன் பிறகு எல்லாச் செவ்வாயும் வந்தாள். வரைவாள், கரித்துக் கொட்டுவாள், சூப் குடிப்பாள், போவாள். நொலீனும் சளைக்கவில்லை. லியான் ஒரு நாள் பாதியில் வந்து, சமையலறையில் கேட்ட பேச்சுக்குப் பயந்து கதவருகிலேயே நின்றுவிட்டாள். என்னவென்றால், நூல் வெள்ளையா சாம்பலா என்பதுதான்.

அக்டோபர் கடைசியில் தையல் முடிந்து சட்டத்தைவிட்டு இறங்கியது. இனி ஓரத்தை வெட்டி, பட்டி வைத்து மடித்து முடிக்க வேண்டும். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. கெவ் கோடரியை வண்டியின் பின்னால் போட்டு ஏறும்போது நொலீன் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினாள்.

"எங்க?"

"நீ போற எடத்துக்குத்தான்."

கோரலின் வீடு சின்னது. சூடான வீடு. சுவரில் அவள் ரிப்பன்கள் மங்கிப்போய்த் தொங்கின. நொலீன் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள். கோரல் அடுப்பில் கடல்சிப்பிக்கறி வைத்துச் சுட்ட மாவுப்பண்டத்தைச் சூடாக்கியிருந்தாள். இருவரும் போர்வையைத் தரையில் விரித்து, அதன் ஓரத்தில் முழங்காலிட்டுத் துணிகளை வைத்து வைத்துப் பார்த்தார்கள். வெளியே கோடரி விழும் சத்தம்.

"சிவப்புப் பட்டி வச்சா?"

"நாலு பக்கமும் ஒரே நிறமா? உனக்குப் புத்தியே வராது. கீழ சிவப்பு, பக்கத்துல ஏற ஏற மாத்திக்கிட்டே போகணும். துண்டு துண்டா ஒட்டணும்."

"பதிமூணு நாள்ல அத்தனையும் நான் ஒட்டணும்."

"நான் அடுக்கித் தர்றேன். நீ ஒட்டு."

கோடரிச் சத்தம் நின்றது. கெவ் கதவைத் திறந்து, தண்ணீர் வேண்டும் என்றான். குடித்துவிட்டுக் கொஞ்சம் நின்றான். இருவரும் நிமிர்ந்து பார்த்து, பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். போனான். பத்து நிமிஷத்தில் மறுபடி வந்து, விறகை எங்கே அடுக்குவது என்று கேட்டான். இருபத்திரண்டு வருஷமாக அடுக்குகிற இடம்.

"எப்பவும் வைக்கிற எடத்துலதான்," என்றாள் கோரல்.

"என்ன பேசிட்டிருக்கீங்க?"

"ஓரம் எப்படி மடிக்கிறதுன்னு," என்றாள் நொலீன்.

"இவ்வளவு நேரமா?"

"நாலு பக்கம் இருக்குல்ல."

கதவு மூடியது. கோரலின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க அவள் அந்த மடங்கிய கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே பார்த்தால், கெவ் வெட்டுக்கட்டைமேல் கோடரியை நட்டு வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்களோ, யார் எதைச் சொல்லித் தருகிறார்களோ என்கிற அந்த முகம் நொலீனுக்கு நன்றாகப் பழக்கமானது. இத்தனை வருஷம் அதைக் கண்ணாடியில்தான் பார்த்திருந்தாள்.

"இருட்டறதுக்குள்ள பால் கறக்கப் போகணும்ல நீங்க?" என்றாள் கோரல்.

"போகணும்," என்றாள் நொலீன். "இன்னொரு கப் டீ ஊத்து."

கோரல் கெட்டிலை இரண்டு கையாலும் தூக்கப் போனாள். நொலீன் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே எழுந்து ஊற்றினாள். அதை அவசரமில்லாமல், ஆற ஆறக் குடித்தாள்.